பழங்குடி மக்களும் சமூகவியலும்: வர்ஜீனியஸ் ஸாக்ஸாவின் ஆய்வுப்பணி

இந்திய உபகண்டத்தின் வரலாற்றைப் பாடசாலைகளிற் கற்பிக்கும்பொழுது, பழங்குடி மக்களை இரண்டிடங்களிலேயே சந்திக்கின்றோம். நூலின் முதலத்தியாயத்தில், நாகரிகம் தோன்றுமுன் காட்டில் வாழ்ந்தவராக அவர்கள் வருகின்றனர். பின்னர் பல நூற்றாண்டுகள் கழிந்து, பிரித்தானியர் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சிகளைத் தொகுத்துக் கூறுமிடத்தில், 1855ஆம் ஆண்டுச் சந்தால் எழுச்சியாகவும், 1899-1900இல் பிர்சா முண்டாவின் தலைமையில் நிகழ்ந்த போராட்டமாகவும் ஓரிரு வரிகளில் மீண்டும் தோன்றி மறைகின்றனர். அதன்பின் அவர்களைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால், 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, இந்தியாவில் அட்டவணைப்படுத்தப்பட்ட பழங்குடியினர் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர். மொத்தக் குடித்தொகையில் நூற்றுக்கு 8.6 வீதத்தினர். ஜெர்மனி நாட்டின் குடித்தொகையினும் இது பெரிது.

வரலாற்றாசிரியர்கள் இவர்களை மறந்தபோதும் மானிடவியலாளரும் சமூகவியலாளரும் மறந்தாரல்லர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இம்மக்களைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. எனினும், அந்நூல்கள் எவருடைய வினாக்களுக்கு விடை தேடின, எவரை அளவுகோலாகக் கொண்டு இம்மக்களை அளந்தன என்பன ஆராயத்தக்கவை. இவ்வாராய்ச்சிக்கு, பேராசிரியர் வர்ஜீனியஸ் ஸாக்ஸாவின் ஆய்வு வாழ்வு நல்லதொரு வழிகாட்டியாகும். ஷில்லோங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் ஏறத்தாழ இருபதாண்டுகள் டில்லிப் பொருளியற் கல்லூரியின் சமூகவியல் துறையிலும், அதன்பின் அஸாமிலும் கற்பித்தவர் அவர். பழங்குடிச் சமுதாயங்களும் அபிவிருத்தியுமே அவருடைய வாழ்நாள் ஆய்வுப்பொருள். அவரே சோட்டா நாகபுரிப் பகுதிக்குரிய ஓராவோன் என்னும் பழங்குடிச் சமுதாயத்திற் பிறந்தவர்.

அவருடைய பெயரைத் தமிழ் வாசகர் சிறிது உற்று நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்படுவதைப் பார்த்து நாம் ஸாக்ஸா என்கின்றோம். ஆனால், ஓராவோன் மக்களின் தாய்மொழியாகிய குருக் மொழியில் அது தொண்டையில் உரசிப் பிறக்கும் ககர ஒலியுடைய சொல். 'காகா' என்பதற்கு அண்மையானது. அஃது ஒரு குலப்பெயர். அதன் பொருள் காக்கை. குருக் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் 'காக்கை'யும் அவர்தம் குலப்பெயரும் ஒரே வேரிற் பிறந்தவை. நம் 'கண்' அவர்கள் வாயிற் 'கன்' என்பதற்கு நெருங்கிய ஒலியுடன் வழங்குகின்றது. சங்க இலக்கியத்தின் தொன்மையைப் பேசி மகிழும் நாம், நம் மொழிக்கு உறவான மொழியொன்றைப் பேசுவோர் நிலமிழந்து, தேயிலைத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் கூலிகளாக உழைத்த கதையை அறிந்தோமில்லை.

அளந்தவரும் அளக்கப்பட்டவரும்

கம்பனி ஆட்சி 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைப் புகுத்தியது. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய குடும்பங்களின் வழித்தோன்றல்களே நிலத்துக்குரியோர் என்பது சோட்டா நாகபுரி மக்களின் வழக்கு. புதிய சட்டமோ நிலத்துக்கு ஒரு சமீன்தாரைத் தேடியது. வெளியிலிருந்து வந்த சமீன்தாரும், குத்தகைக்காரரும், வட்டிக்கடைக்காரரும் நிலத்தைக் கைப்பற்றினர். இவர்களை அம்மக்கள் 'திக்கு' என்றனர். அந்நியச் சுரண்டற்காரர் என்பது அதன் பொருள். 1865, 1878ஆம் ஆண்டுகளின் வனச்சட்டங்கள் காட்டை அரசின் உடைமையாக்கின. விறகு பொறுக்குவதும் மாடு மேய்ப்பதும் அதிகாரியின் தயவை வேண்டும் செயல்களாயின. 1871ஆம் ஆண்டுச் சட்டமொன்று பல சமுதாயங்களைப் பிறவியிலேயே குற்றப் பரம்பரையினர் என முத்திரையிட்டது.

மானிடவியல் இந்தியாவில் வேரூன்றியது இச்சூழலிலேதான். ஆங்கிலேய நிருவாகியான ரிஸ்லி மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, மக்களை இனங்களாகவும் சாதிகளாகவும் வகுத்தார். வங்காளத்தின் குடிகளையும் சாதிகளையும் பற்றிய அவருடைய நூல் 1891இல் வெளிவந்தது. அளந்தவருக்கு வரியும் அமைதியும் வேண்டியிருந்தன. அளக்கப்பட்டவருக்கு நிலம் வேண்டியிருந்தது. அந்நிலத்தைப் பற்றிய கணக்கு மூக்களவைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

இதற்கு விலக்காக ஒருவரைக் குறிப்பிடல் வேண்டும். ராஞ்சி நகரில் வழக்கறிஞராயிருந்த சரத் சந்திர ராய், பழங்குடியினரின் நில வழக்குகளை நடத்தப் புகுந்து, அவர்தம் வழக்காறுகளை நீதிமன்றம் அறியவில்லை என்பதைக் கண்டார். அவ்வழக்காறுகளைக் கற்கத் தொடங்கியவர் முண்டாக்களைப் பற்றி 1912இலும் ஓராவோன்களைப் பற்றி 1915இலும் நூல்கள் எழுதினார். இந்தியர் ஒருவரின் மானிடவியல் முயற்சி நில வழக்கிலிருந்து பிறந்தது என்பது மனங்கொளத்தக்கது. பிர்சா முண்டாவின் போராட்டத்தை அடுத்து 1908இல் இயற்றப்பட்ட சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம், பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு மாறுவதைத் தடுக்க முயன்றது. அம்மக்கள் போராடியிராவிடின் அச்சட்டம் வந்திராது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் புகழ்பெற்ற விவாதமொன்று எழுந்தது. இங்கிலாந்திலிருந்து சமயப்பணிக்கு வந்து, பின் அப்பணியைத் துறந்து, மத்திய இந்தியப் பழங்குடியினரிடையே வாழ்ந்தவர் வெரியர் எல்வின். வெளியாரின் சுரண்டலினின்றும் இம்மக்களைக் காக்க அவர்களுக்கெனத் தனிக் காப்பிடங்கள் வேண்டும் என்று அவர் 1939இல் பைகா மக்களைப் பற்றிய நூலில் எழுதினார். பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியற் பேராசிரியர் குர்யே 1943இல் இதை மறுத்தார். பழங்குடியினர் எனத் தனியினம் இல்லை. அவர்கள் பின்தங்கிய இந்துக்களே. இந்து சமுதாயத்தோடு கலத்தலே அவர்கள் உய்யும் வழி என்பது அவர் வாதம். நிர்மல் குமார் போஸ் 1941இல், இந்து சமுதாயம் பழங்குடிகளை எவ்வாறு மெல்ல உள்வாங்குகின்றது என்பதை விளக்கியிருந்தார்.

விவாதித்தவர்கள் அறிஞர்கள், சிலர் அம்மக்கள்மீது உண்மை அன்பு கொண்டவருங்கூட. ஆயினும், தனித்து வைப்பதா, கலந்துவிடச் செய்வதா என்ற வினா, தோட்டத்துச் செடியை எங்கே நடுவது என்பது போன்ற வினாவே. நடப்படுவோரின் கருத்து கேட்கப்படவில்லை. அக்காலத்திலேயே ஜெய்பால் சிங் முண்டா போன்ற தலைவர்கள் ஆதிவாசி இயக்கத்தைக் கட்டியெழுப்பியிருந்தனர். அரசியல் நிர்ணய சபையில் 'ஆதிவாசி' என்னும் சொல்லையே வழங்குமாறு அவர் வாதாடினார். அரசியலமைப்போ 'அட்டவணைப்படுத்தப்பட்ட பழங்குடி' என்ற பெயரைத் தேர்ந்தது. மக்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயருக்கு அட்டவணையில் இடம் இல்லாது போயிற்று.

தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தொடக்கம்

ஸாக்ஸா தம் ஆய்வைத் தொடங்கிய இடம் காடன்று, தேயிலைத் தோட்டம். வட வங்காளத்திற் பெருந்தோட்டப் பகுதியையும் விவசாயக் கிராமப் பகுதியையும் ஒப்புநோக்கி, பொருளாதார இரட்டைத்தன்மையையும் வர்க்க அமைப்பையும் ஆராய்ந்த அவருடைய நூல் 1997இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஷரித் பௌமிக், கலாம் ஆகியோருடன் இணைந்து இந்தியத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பற்றிய நூலொன்றையும் எழுதினார்.

இலங்கை வாசகர்க்கு இக்கதை புதிதன்று. 1860களிற் பூட்டானுடன் நிகழ்ந்த யுத்தத்தின்பின் டூவார்ஸ் எனப்படும் மலையடிவாரப் பகுதி பிரித்தானியர் வசமாயிற்று. 1870களில் அங்கே தேயிலை பயிரிடப்பட்டது. நிலமிழந்து வறுமையுற்ற ஓராவோன், முண்டா, சந்தால், கரியா மக்கள் கூட்டங் கூட்டமாக அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். தென்னிந்தியாவிலிருந்து நம் மலைநாட்டுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அஸாமிலும் வட வங்காளத்திலும் அவ்வேலையைச் செய்தவர் சர்தார் எனவும் அர்க்காட்டி எனவும் பெயர் பெற்றனர். அஸாமில், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறையிலிடச் சட்டமிருந்தது. காணியிலிருந்து பிரிக்கப்பட்ட மனிதன், லயன் அறையில் அடைக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் அமைப்பு இரு நாடுகளிலும் ஒன்றே.

இங்கே பெயரின் பொருளாதாரம் வெளிப்படுகின்றது. மேற்கு வங்காளத் தோட்டங்களில் வாழும் ஓராவோன் தொழிலாளி சட்டப்படி பழங்குடியினர். எல்லையைத் தாண்டி அஸாமுக்குச் சென்ற அவருடைய உடன்பிறந்தாரின் வழியினரோ அங்கே பழங்குடிப் பட்டியலில் இடம்பெறவில்லை. அவ்வுரிமையை வேண்டி அவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வந்துள்ளனர். குருதி ஒன்று, மொழி ஒன்று, செய்யும் தொழிலும் ஒன்று. உரிமை மட்டும் வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மலைநாட்டுத் தொழிலாளரை ஒரே நாளில் நாடற்றவராக்கிய கொடுமையை அறிந்தோர்க்கு, அரசின் ஏட்டில் உள்ள ஒரு சொல் மக்களின் வாழ்வை எவ்வாறு நிர்ணயிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வினாவை மாற்றிய கட்டுரைகள்

1999இல் ஸாக்ஸா எழுதிய கட்டுரைகள் சமூகவியலிற் பழங்குடி ஆய்வின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கின. பின்னர் 2008இல், சுதந்திரத்துக்குப் பிந்திய இந்தியாவின் அரசு, சமுதாயம், பழங்குடிகள் என்பவற்றைப் பற்றிய நூலில் அவர் இக்கருத்துகளை விரித்தார்.

அவருடைய வாதத்தைச் சுருங்கக் கூறின், இந்தியச் சமூகவியல் பழங்குடியைப் பழங்குடியாக நோக்கியதில்லை. சாதியை அளவுகோலாகக் கொண்டு, அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது என்பதையே நோக்கியது. பழங்குடி என்பது ஒரு படிநிலை. அது நாளடைவிற் சாதியாகவோ, விவசாய வகுப்பாகவோ மாறி மறையும் என்பது பொதுக்கருத்து. உழுதுண்ணத் தொடங்கினால் அவர் பழங்குடியல்லர், கிறித்தவரானால் பழங்குடியல்லர், பட்டம் பெற்று நகரில் உத்தியோகம் பார்த்தால் பழங்குடியல்லர். ஸாக்ஸா எளிய வினாவொன்றை எழுப்பினார். வங்காளி உழவனானாலும் தொழிலாளியானாலும் வங்காளியே. குஜராத்தி வணிகனானாலும் குஜராத்தியே. தொழில் மாறியதால் அவர்களுடைய சமுதாயம் மறைந்துவிட்டதென எவரும் கூறுவதில்லை. ஓராவோனுக்கும் சந்தாலுக்கும் மட்டும் ஏன் அவ்வாறு கூறல் வேண்டும்? பழங்குடியை ஒப்பிட வேண்டியது சாதியுடனன்று. மொழியும் நிலமும் பண்பாடும் உடைய முழுச் சமுதாயங்களுடனேயே என்பது அவர் முடிவு.

மற்றொன்றும் அவர் காட்டினார். இந்துத் தெய்வங்களை வணங்குவதனாலோ, புலால் மறுப்பதனாலோ ஒரு குடி சாதியாகிவிடாது. சாதி என்பது மேல்கீழ் என அடுக்கப்பட்ட அமைப்பு. அது குறித்த ஒரு மொழிச் சமுதாயத்துக்குள்ளேயே இயங்குவது. ஒரு குடி தன் மொழியை இழந்து, அண்டையிலுள்ள பெரிய மொழிச் சமுதாயத்துக்குள் கரைந்து, அவ்வடுக்கில் ஓரிடத்தை ஏற்றால்தான் சாதியாகின்றது. தாய்மொழியும் தன்நிலமும் உள்ளவரை அது தனிச் சமுதாயமே. மொழியின் முக்கியத்துவத்தை நன்குணர்ந்த நமக்கு இவ்வாதத்தின் வலிமை எளிதிற் புலப்படும்.

ஸாக்ஸா பழைமையைப் போற்றிப் பாடும் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். பழங்குடிகளுக்குள்ளேயே கற்றோர், உத்தியோகத்தர், நிலமற்றோர் என வேறுபாடுகள் வளர்ந்துள்ளதை அவர் மறைக்கவில்லை. பழங்குடிப் பெண்கள் சமத்துவத்தோடு வாழ்கின்றனர் என்ற பொதுப்பேச்சையும் 2004இல் எழுதிய கட்டுரையொன்றிற் கேள்விக்குட்படுத்தினார். வழக்காற்றுச் சட்டம் காக்கப்படவேண்டும் என்னும் கோரிக்கையின் நிழலில் பெண்ணின் நிலவுரிமை புறக்கணிக்கப்படலாகாது என்ற சிக்கலை அவர் முன்வைத்தார்.

எவர்க்கு அபிவிருத்தி?

பழங்குடியினர் ஏன் வறியராயுள்ளனர் என்ற வினாவுக்கு அரசாங்கங்கள் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு: அவர்கள் ஒதுங்கி வாழ்கின்றனர், அபிவிருத்தி இன்னும் அவர்களைச் சென்றடையவில்லை, வீதியும் பாடசாலையும் வந்தால் வறுமை நீங்கும். இவ்விடையில் ஓரளவு உண்மையுண்டு. 2011இல் இந்தியரின் எழுத்தறிவு நூற்றுக்கு 73 வீதமாயிருக்க, பழங்குடியினரின் எழுத்தறிவு 59 வீதமாகவே இருந்தது. ஆயினும், வரலாறு வேறொன்றையும் கூறுகின்றது. ஒதுக்கப்பட்டதனால் மட்டும் அவர்கள் வறியராகவில்லை. அரசோடும் சந்தையோடும் இணைக்கப்பட்ட முறையினாலேயே நிலமிழந்தனர், காடிழந்தனர்.

ஹிராகுட் அணைக்கட்டு 1957இல் திறக்கப்பட்டது. ரூர்க்கேலாவில் உருக்காலை எழுந்தது. ராஞ்சிக்கு அண்மையில் ஹட்டியாவிற் கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கான கூட்டுத்தாபனம் 1958இல் நிறுவப்பட்டது. இவற்றை முற்போக்காளர் அனைவரும் வரவேற்றோம். பொதுத்துறைத் தொழில் இல்லாமல் ஒரு நாடு ஏகாதிபத்தியத்தின் பிடியிலிருந்து விடுபடாது என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. ஆனால், அவ்வாலைகள் எழுந்த நிலம் எவருடையது? சுதந்திரத்துக்குப் பின் அணைகளாலும் சுரங்கங்களாலும் ஆலைகளாலும் இடம்பெயர்க்கப்பட்டோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 வீதத்தினர் பழங்குடியினர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். குடித்தொகையில் 8 வீதத்தினர் இழப்பில் 40 வீதத்தைச் சுமந்தனர். மின்சாரம் நகரத்துக்குச் சென்றது. உருக்கு துறைமுகத்துக்குச் சென்றது. நிலங் கொடுத்தவனோ செங்கற்சூளைக்குக் கூலியாகச் சென்றான்.

2013ஆம் ஆண்டு ஓகஸ்டில் இந்திய அரசு, பழங்குடியினரின் சமூக, பொருளாதார, சுகாதார, கல்வி நிலைகளை ஆராய உயர்மட்டக் குழுவொன்றை ஸாக்ஸாவின் தலைமையில் அமைத்தது. 2014 மே மாதத்தில் அதன் அறிக்கை கையளிக்கப்பட்டது. வாழ்வாதாரம், கல்வி, சுகாதாரம், கட்டாய இடப்பெயர்வு, சட்டவுரிமை என ஐந்து துறைகளை அது ஆராய்ந்தது. கிராம சபையின் சம்மதமின்றி நிலம் எடுக்கலாகாது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. கிளர்ச்சிக்காரர் என்ற குற்றச்சாட்டில் வழக்குத் தொடரப்பட்ட பழங்குடியினரின் வழக்குகளை ஆராய நீதி ஆணைக்குழு வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளிற் சில.

மறுக்கும் உரிமை வெறுங் கற்பனையன்று. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணைப் பகுதிகளிற் கிராம சபைக்கு அதிகாரம் வழங்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் வனவுரிமையை ஏற்றது. ஒடிஸாவின் நியம்கிரி மலையிற் பொக்சைட் தோண்டப்படுவதை எதிர்த்து டொங்ரியா கோந்த் மக்கள் போராடியபோது, முடிவைக் கிராம சபைகளிடம் விடுமாறு உயர் நீதிமன்றம் 2013 ஏப்பிரலிற் பணித்தது. பன்னிரண்டு கிராமங்களில் சபை கூடியது. பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன. இம்மக்களின் மொழியும் திராவிட மொழியே.

ஆனால், அறிக்கை ஒன்று. அரசின் போக்கு வேறொன்று. 2017-18இல் ஜார்கண்டின் குந்தி மாவட்டத்து முண்டா மக்கள், தம் முன்னோர் நினைவாகக் கல் நாட்டும் மரபைப் பின்பற்றி, அரசியலமைப்பு தமக்களித்த உரிமைகளைக் கல்லிற் பொறித்து ஊரெல்லையில் நட்டனர். அதற்கு அரசு அளித்த மறுமொழி, ஆயிரக்கணக்கானோர்மீது இராசத்துரோகக் குற்றச்சாட்டு. 2019 டிசம்பரிற் பதவியேற்ற புதிய மாநில அரசே அவ்வழக்குகளை மீளப்பெற முடிவு செய்தது. நாட்டின் உயர்ந்த சட்டத்தைக் கல்லில் எழுதி வைத்தமை துரோகமாகக் கொள்ளப்பட்டது என்பதை மாணவர்க்கு எவ்வாறு விளக்குவது?

நாம் கற்க வேண்டியது

இடதுசாரிகளாகிய நாம் இவ்வாய்வு வாழ்விலிருந்து பெறத்தக்கது யாது? ஸாக்ஸா வர்க்க ஆய்விலிருந்து தொடங்கினார்; அதைக் கைவிட்டாரல்லர். தோட்டத்தில் உழைக்கும் ஓராவோன் ஒருவன் தொழிலாளி, அதனாற் சுரண்டப்படுகின்றான். அவனே ஓராவோனாகவும் இருக்கின்றான். ஆதலின் அவனுடைய மொழி பாடசாலையிற் புறக்கணிக்கப்படுகின்றது. அவனுடைய ஊர் நிலம் அவனைக் கேளாமலே எடுக்கப்படுகின்றது. முதலாவதை மட்டும் கண்டு இரண்டாவதைக் காணாத அரசியல், அவனைக் கூலியுயர்வுக் கோரிக்கையோடு நிறுத்திவிடும். இரண்டாவதை மட்டும் கண்டு முதலாவதைக் காணாத அரசியலோ, அவனுடைய சமுதாயத்திலேயே வளர்ந்த புதிய செல்வரின் கையில் அவனை ஒப்படைத்துவிடும். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே கடினமான பணி. அப்பணியைச் செய்வதற்கு, அச்சமுதாயத்திலிருந்தே ஆய்வாளர் தோன்றல் வேண்டும். பிறர் ஆராயக்கூடாது என்பதன்று. அவர்கள் எழுப்பாத வினாக்கள் உள என்பதே இதன் பொருள்.

நம் நாட்டையும் சிறிது நோக்குவோம். வேடர் சமுதாயத்தைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1911இல் வெளிவந்தது. அதன் துணைகொண்டு உலகம் வேடரை அறிந்தது. 1983இல் மதுறு ஓயா தேசிய வனம் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, அங்கு காலங்காலமாகத் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த அதே வேடர், தம் காட்டிலேயே சட்டவிரோதமாக நுழைபவராயினர். அவர்களை விவரிக்க ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அறிஞர் வந்தனர். அவர்களைக் கேட்டு முடிவெடுக்கவோ எவரும் வரவில்லை. கிழக்குக் கரையில் தமிழ் பேசி நம்மிடையே வாழும் வேடரைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது எவ்வளவு?

வகுப்பறையில் ஆசிரியர் செய்யக்கூடியது சிறிது. எனினும் அது பயனற்றதன்று. பழங்குடி என்ற சொல் பாடத்தில் வரும்பொழுது, அப்பெயரைச் சூட்டியவர் யார், சூட்டப்பட்டவர் தம்மை எவ்வாறு அழைத்தனர், அவர்களுடைய நிலம் இன்று எவர் கையிலுள்ளது என்ற மூன்று வினாக்களையும் மாணவர் கேட்கப் பழகட்டும். காக்கையின் பெயர் கொண்ட குலத்தில் வந்த ஒருவர், பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டவையும் இவ்வினாக்களே.